சிம் போடலாமா, போடேலாதா? வன்னி வீட்டுக்கு ஒரு டப்லெட் தெரிவு செய்தல்

பிள்ளையின் படிப்புக்கு எந்த டப்லெட் வாங்கலாம் என்ற கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வருகிறது. சாதாரண தரம் படிக்கும் பிள்ளை. வகுப்பும் குறிப்புகளும் அம்மாவின் போனில். கையில் 60,000 ரூபா வரை இருக்கிறது. கடையில் பத்து அங்குலத் திரையைப் பளிச்சென்று காட்டுகிறார்கள், கனடாவில் இருக்கும் மாமா தன் பழைய ஐபேட்டை அனுப்புகிறேன் என்கிறார், பக்கத்து வீட்டு அண்ணா "டப் வேண்டாம், பாவித்த லப்டொப்பாக எடு" என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே வீட்டுக்குப் பொருந்தாது.

விலை டொலரோடு ஏறி இறங்குவதால் ஒவ்வொரு மாதிரிக்கும் ரூபாக் கணக்கு இங்கே இல்லை. ஒரு விதியை மட்டும் முதலே பிடித்துக்கொள்ளுங்கள்: கையில் உள்ள காசில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கருவிக்குக் கொடுக்கக் கூடாது. 60,000 என்றால் 48,000. மிச்சம் கவருக்கும், திரைக் கண்ணாடிக்கும், மெமரி காட்டுக்கும், முதல் இரண்டு மாத டேட்டாவுக்கும் கட்டாயம் தேவைப்படும்.

## எதை வைத்து அளப்பது

இணைப்பு. வன்னியில் முதலில் கேட்க வேண்டியது இதுதான். கடையில் கடைசியாகக் கூட யாரும் சொல்லாத விடயமும் இதுதான். வைஃபை மட்டும் உள்ள டப்லெட் மலிவு. "போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் சரி" என்பார்கள். அந்தப் போன் விடியக் காலையில் அப்பாவோடு வயலுக்குப் போகிறது, அல்லது அம்மாவோடு வேலைக்குப் போகிறது. வகுப்பு நடக்கும் நேரத்தில் டப்லெட் வெறும் கண்ணாடிப் பலகை. கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ளே தள்ளி இருக்கும் வீட்டுக்கு 4ஜி ரவுட்டர்தான் வழி. கறன்ட் போனதும் ரவுட்டரும் நின்றுவிடும். சிம் உள்ள டப்லெட் தன் பற்றரியிலேயே வகுப்பை முடித்துவிடும்.

சிம் உள்ள கருவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான கருவியாக இருக்க வேண்டும். காசு கொடுக்க முன்னர், பெட்டியிலும் செட்டிங்ஸிலும் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண் (கருவியின் அடையாள எண்) இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு, பதிவானதா என்று அறிய, ஐஎம்இஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் இட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

திரையின் அகலம். "பத்து அங்குலம்" என்பது மூலைக்கு மூலை அளவு. படிப்புக்குத் தேவை அகலம். கடந்தகால வினாத்தாள்கள் ஏ4 தாளுக்கு அமைத்தவை, அந்தத் தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். 6.7 அங்குலப் போனின் அகலம் ஏறத்தாழ 70 மில்லிமீற்றர், ஆகவே பக்கம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். 12 புள்ளி (எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) எழுத்து 4 புள்ளியாகும். 8.7 அங்குல டப்லெட்டின் அகலம் ஏறத்தாழ 113, அதே எழுத்து ஆறரைப் புள்ளி. 11 அங்குலத்தில் அகலம் 148, எழுத்து எட்டுப் புள்ளிக்கு மேல். ஆறரைப் புள்ளியில் தமிழ் எழுத்தின் சுழியும் மேலே வைக்கும் குற்றும் கலங்கும், எட்டில் வாசிக்கலாம். 8.7 அங்குலக் கருவியை வாங்கினால் படுக்கையாகத் திருப்பி அரைப் பக்கம் அரைப் பக்கமாக வாசிக்கப் பழக்குங்கள். அப்போது அகலம் 190 ஆகிவிடும், எழுத்துத் தாளில் உள்ள அளவை நெருங்கும்.

நினைவகம். ரேம் 4 ஜிபிக்குக் குறைந்தால் வேண்டாம். 2 ஜிபியில் சூம் திறந்திருக்கும்போது பாடநூலைத் திறந்தால் சூம் வகுப்பிலிருந்து வெளியே விழும். பிள்ளை திரும்பவும் உள்ளே போக அனுமதி கேட்டுக்கொண்டிருப்பதற்குள் பாடம் போய்விடும். சேமிப்பு 64 ஜிபி. 32 ஜிபிக் கருவியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே அதன் சொந்த மென்பொருளே பிடித்துவிடும்.

மின்சாரமும் வெக்கையும். 5,100 மில்லி அம்பியர் மணி பற்றரி ஏறத்தாழ 20 வாற்று மணி (சேமிக்கும் மின்சாரத்தின் அளவு), 8,000 உள்ளது 31, சாதாரண லப்டொப் 45 அளவில். மாரி மழைக்கு மின்சாரம் இரண்டு நாள் இல்லாதபோது, வீட்டில் சோலார் விளக்குக்கு வைத்த 12 வோல்ற் 7 அம்பியர் மணி பற்றரியிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 40 வாற்று மணி அளவுதான். மாற்றும்போது வீணாவது போக, சிறிய டப்லெட்டை ஒன்றரைத் தடவை நிரப்பலாம். லப்டொப்பை ஒருமுறைகூட முழுதாக நிரப்ப ஏலாது.

வெக்கை இன்னொன்று. பெரும்பாலான டப்லெட்டுகள் சுற்றுப்புற வெப்பம் 35 பாகை வரைக்கும் என்றே வடிவமைக்கப்படுகின்றன. பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அந்த எல்லையைத் தாண்டும். அந்த நேரத்தில் சார்ஜ் போட்டபடி வகுப்புப் பார்த்தால் பற்றரி ஒன்றிரண்டு வருடத்தில் ஊதி, திரையை உள்ளிருந்து தள்ளும். இரவில் அல்லது விடியலில் கவரைக் கழற்றிச் சார்ஜ் போடுவதே நல்லது. ஐப்பசி இடிக்கு, பின்னேரம் வானம் இருண்டதும் பிளக்கைக் கழற்றி வைக்க வேண்டும். சார்ஜர் சேதமாவது பெரும்பாலும் அப்போதுதான்.

பழுதுபார்ப்பு. திரை உடைந்தால் எங்கே மாற்றலாம்? சந்தையில் அதிகம் ஓடும் மாதிரியின் உதிரிப்பாகம்தான் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்கும். மற்றவைக்கு யாழ்ப்பாணம் அல்லது கொழும்பு, பஸ் செலவோடு. வாங்கும் முன் பழுதுபார்க்கும் கடையில் "இந்த மாதிரிக்கு டிஸ்பிளே இருக்கா, எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். டிஸ்பிளேயின் விலை கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால், உடைந்த நாளே கருவி முடிந்தது என்று கணக்கு வையுங்கள்.

## ஐந்து வழிகள்

### பெயர் தெரியாத பெரிய திரை

பெட்டியில் "12 ஜிபி ரேம், 512 ஜிபி, 5ஜி" என்று இருக்கும், கூடவே விசைப்பலகையும் ஹெட்போனும் இலவசம். விலை, பெயருள்ள நிறுவனத்தின் மிகச் சிறிய டப்லெட்டைவிடக் குறைவு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை, வாங்க வேண்டாம்.

ஏன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் செட்டிங்ஸில் பார்த்தாலும் அந்த 12 ஜிபி அப்படியே தெரியும். மென்பொருளில் எண்ணை மாற்றி எழுதிவிடுகிறார்கள். சிபியு-இசட் போன்ற செயலியைப் போட்டுச் சிப்பின் பெயரைப் பாருங்கள். உள்ளே எம்ரி6580 என்று வந்தால் அது 3ஜிக்கு மேல் போகாத சிப், 5ஜி என்பது வெறும் ஸ்டிக்கர். சேமிப்பும் அப்படியே. உண்மையான அளவைத் தாண்டியதும் சேமித்த பாடங்கள் திறக்காமல் போகும். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில், இந்தச் செயலியைப் பற்றி என்ற இடத்தில், கருவி சான்றளிக்கப்பட்டதா என்று இருக்கும். "இல்லை" என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

### பெயருள்ள நிறுவனத்தின் புதிய தொடக்கநிலை டப்லெட்

பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரி. அளவுகோலாக 2023இல் வந்த சாம்சங் கலக்ஸி டப் ஏ9ஐ எடுப்போம்: 8.7 அங்குலம், ஹீலியோ ஜி99 சிப், 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும், 5,100 பற்றரி, மெமரி காட் 1 ரிபி (ஏறத்தாழ 1,000 ஜிபி) வரை. பிறகு வரும் எந்த மாதிரியையும் இதோடு ஒப்பிட்டு, இதைவிடக் குறைந்திருந்தால் தள்ளிவிடலாம்.

இங்கே ஒரு பொறி. ஒரே பெயரில் இரண்டு கருவிகள் விற்கப்படுகின்றன. எஸ்எம்-எக்ஸ்110 வைஃபை மட்டும், எஸ்எம்-எக்ஸ்115 சிம் போடக்கூடியது. பெட்டியின் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், வெளித் தோற்றம் ஒன்றுதான். இணையத்தில் "ஏ9" என்று மலிவாகத் தெரிவது அநேகமாக முதலாவது. பெரிய அண்ணன் ஏ9 பிளஸ்: 11 அங்குலம், 1920க்கு 1200 பிக்சல்கள், 7,040 பற்றரி. அதிலும் எக்ஸ்210 வைஃபை, எக்ஸ்216 சிம்.

ஷாவோமியின் ரெட்மி பாட் எஸ்இ, அதே 2023, 11 அங்குலத் திரைக்கு நல்ல விலை, பற்றரி 8,000. வீட்டில் ஃபைபர் இருந்தால் மிகத் திறமான தெரிவு. ஆனால் அந்த 11 அங்குல மாதிரிக்குச் சிம் கிடையாது, 10 வாற்றில் சார்ஜ் ஏற நான்கு மணித்தியாலம் வரை பிடிக்கும். லெனோவோ டப் எம்9 வாங்குவதானால் 3 ஜிபி ரேம் உள்ளதை விட்டு 4 ஜிபி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

மறைந்த செலவு: பிள்ளை கையாளும் கருவிக்கு, விளிம்பைச் சுற்றி றப்பர் உள்ள கவர்தான் வேண்டும். மெல்லிய மடிப்புக் கவர் மூலையைக் காக்காது, டப்லெட் விழுவது மூலையில்தான்.

### வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ஐபேட்

இலவசமாக வருவதால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. பின்பக்கத்தில் உள்ள சிறிய மாதிரி எண்ணை வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏ1474 என்றால் முதல் ஐபேட் எயார். அதன் மென்பொருள் 12ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, புதிய செயலிகள் பல இறங்காது. ஏ1822 என்றால் ஐந்தாம் தலைமுறை, 16இல் நின்றது. ஏ1893 ஆறாம் தலைமுறை, 17இல் நின்றது, ஆனால் அப்பிள் பென்சிலில் எழுதலாம், இன்னும் சில வருடம் படிப்புக்கு ஓடும். ஏ2270 எட்டாம் தலைமுறை, யோசிக்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

நான் சொன்ன எண்களில் எதற்கும் சிம் கிடையாது, இவை எல்லாம் வைஃபை மாதிரிகள். சிம் உள்ளதாக வந்தால் செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் என்ற இடத்தில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். அந்நாட்டு நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதென்றால் இங்கே நமது சிம் வேலை செய்யாது.

இதைவிட முக்கியம் கணக்குப் பூட்டு. மாமா தன் அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்த பின்தான் பொதி போட வேண்டும். அழிக்கும் வழி தெரியாமல் பட்டன்களை அமுக்கி மீட்டமைத்தால், இங்கே திறந்ததும் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். அவருக்கு அது மறந்துபோயிருந்தால் பெறுமதியான கருவி பூட்டுக்குள்தான். பாவித்த ஐபேட்டை இங்கே ஒருவரிடம் வாங்கும்போதும் இதே சோதனைதான்: புதிதாகத் தொடங்கும் "வணக்கம்" திரையிலிருந்து உங்கள் கண் முன்னே முகப்புத் திரை வரை போக வேண்டும்.

நல்லது ஒன்று: ஐந்தாம் தலைமுறை முதல் ஒன்பதாம் தலைமுறை வரையான சாதாரண ஐபேட்டில் மேல் கண்ணாடியும் உள் திரையும் தனித்தனி. கண்ணாடி மட்டும் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். பற்றரியின் நிலையை இந்தப் பழைய மாதிரிகள் செட்டிங்ஸில் காட்டாது. வெளிச்சத்தைப் பாதியில் வைத்து ஒரு மணித்தியாலம் வீடியோ ஓட விடுங்கள். பத்து வீதம் அளவில் குறைந்தால் நல்ல பற்றரி, இருபதைத் தாண்டினால் மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து அமேசான் ஃபயர் டப்லெட்டும் வருவதுண்டு. கூகுள் பிளே இல்லாமல் வருவது, சிம் இல்லை. கதைப் புத்தகமும் வீடியோவும் பார்க்கலாம், பள்ளிக்கூட வேலைக்கு நம்ப வேண்டாம்.

### பெரிய போன்

அம்மாவின் போன் ஏற்கனவே பழுதாகிக்கொண்டிருந்தால், ஒரு நல்ல 6.7 அங்குலப் போன் இரண்டு தேவையையும் தீர்க்கும் என்று தோன்றும். சிம், பழுதுபார்ப்பு, மறுவிற்பனை மூன்றிலும் போன்தான் முதலிடம். ஆனால் எழுத்து மூன்றில் ஒன்றாகச் சுருங்குவதை மறக்க வேண்டாம். பிள்ளை ஒவ்வொரு வரியையும் விரலால் பெருப்பித்து இழுத்துப் படிக்க வேண்டும், கணித வினாவின் படம் ஒரு திரையிலும் கேள்வி அடுத்ததிலும் நிற்கும். தரம் 5 வரைக்கும், வட்ஸ்அப்பில் வரும் குறிப்பைக் கொப்பியில் எழுத மட்டும் என்றால் போதும்.

### பாவித்த தொடுதிரை லப்டொப்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்த பிள்ளைக்கு டப்லெட் போதாது. பைதனும் தரவுத்தளமும் விசைப்பலகையில்தான் பழக வேண்டும். அறிவியல்நகர் வளாகத்துக்கோ வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போகவிருப்பவருக்கும் அப்படியே. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்ரெல் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறைத் தொடுதிரை லப்டொப்புகள் அதனால்தான் மலிவு.

லப்டொப்புக்கு இன்னொரு நன்மை நமக்கே உரியது. பல வினாத்தாள்களும் ஆசிரியர் குறிப்புகளும் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வேர்ட் கோப்பாக வருகின்றன. டப்லெட்டில் திறந்தால் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்தாகத் தெரியும், கருவி பழுது என்று நினைத்துவிடுவார்கள். லப்டொப்பில் பாமினியை நிறுவினால் தீர்ந்தது. டப்லெட் வைத்திருப்பவர்கள் ஆசிரியரிடம் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பும்படி கேளுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே வந்துவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | சிம் | ஏ4 பக்கம் சுருங்கும் அளவு | ஊரில் பழுதுபார்ப்பு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பெயர் தெரியாத 10 அங்குலம் | பெயருக்கு | ஏறத்தாழ 65% | பாகம் கிடைக்காது | ஒரு வருடத்தில் இன்னொன்று |
| புதிய 8.7 அங்குலம், சிம் | உண்டு | 54%, படுக்கையில் 90% | சாத்தியம் | கவர், மெமரி காட் |
| புதிய 11 அங்குலம் | மாதிரியைப் பொறுத்து | 70% | நகரத்தில் | பெரிய திரை உடைந்தால் செலவு கூட |
| பழைய ஐபேட் | அநேகமாக இல்லை | 70% | கண்ணாடி தனியாக மாற்றலாம் | பற்றரி, ரவுட்டர் |
| பெரிய போன் | உண்டு | 33% | இலகு | கண்ணுக்கு |
| தொடுதிரை லப்டொப் | இல்லை | 13 அங்குலத்தில் அரைப் பக்கம் முழு அளவில் | நகரத்தில் | பற்றரி, மின்சாரம் |

## டேட்டாவைக் குறைப்பது

சூம் வகுப்பு வீடியோவோடு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி தின்னும். கிழமைக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி என்றால் மாதம் 18 ஜிபி வரை போகும். பிள்ளை தன் கமராவை அணைத்தால் குறையும். யூடியூப் பாடத்தை 360பி தரத்தில் பார்த்தால் கரும்பலகை எழுத்துத் தெளிவாகவே தெரியும், 1080பிக்கு விட வேண்டாம்.

பாடநூல்களைத் திரும்பத் திரும்ப இணையத்தில் திறக்க வேண்டியதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்மொழிப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக உண்டு, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. வைஃபை உள்ள இடத்தில் ஒரே தடவையில் இறக்கி மெமரி காட்டில் போட்டுவிடுங்கள்.

வட்ஸ்அப்புக்கு இன்னொரு எண் தேவையில்லை. டப்லெட்டை அம்மாவின் போனோடு இணைத்தால் போதும், போன் வீட்டில் இல்லாதபோதும் குறிப்புகள் வரும். 14 நாளாக அந்தப் போனில் வட்ஸ்அப் திறக்காவிட்டால் மட்டும் இணைப்பு அறுந்துவிடும்.

## யாருக்கு எது

தரம் 6 முதல் சாதாரண தரம் வரை, வீட்டில் ஃபைபர் இல்லை: சிம் உள்ள 8.7 அங்குலம். 11 அங்குலத்துக்கு ஆசைப்பட்டுச் சிம்மை விட்டுவிட வேண்டாம். சிறிய திரையைத் திருப்பிப் பிடித்துச் சமாளிக்கலாம், இல்லாத இணைப்புக்கு ஒரு வழியும் இல்லை. வீட்டில் நிலையான வைஃபை இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் மாறி மாறிப் பாவிக்கப் போகிறார்கள்: 11 அங்குல வைஃபை, அல்லது எட்டாம் தலைமுறை ஐபேட். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம்: எட்டாம் தலைமுறை லப்டொப், தொடுதிரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வயதானவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு முகம் பார்த்துக் கதைக்க மட்டும்: மாமா தரும் பழைய ஐபேட் தாராளம், வீட்டில் வைஃபை இருந்தால்.

எதை எடுத்தாலும் உங்கள் சிம்மைக் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டு, ஒரு நிமிடம் வீடியோ அழைப்பு எடுத்துப் பாருங்கள். திரையின் நான்கு மூலையிலும் விரலை இழுத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டில் முழு மாதிரி எண்ணும் ஐஎம்இஐயும் எழுதுவித்து, உத்தரவாதம் நிறுவனத்தினுடையதா கடையினுடையதா என்று கேட்டு அதையும் எழுதுவியுங்கள். கிழமைக் கட்டுக்காசுக்குக் கடன் எடுத்து வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். வட்டியோடு சேர்த்து 8.7 அங்குலத்துக்குக் கட்டிய காசில் 11 அங்குலம் வந்திருக்கும்.

சோதனைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் இப்போதைக்கு ஒன்றுமே வாங்க வேண்டாம். அந்தக் காசில் சிறு பங்கை எடுத்து, ஐந்து வருட வினாத்தாள்களை ஊர்க் கொம்யூனிக்கேஷனில் இருபக்கமும் அச்செடுத்துக் கொடுங்கள். டப்லெட்டைப் பெறுபேறு வந்து பாடம் தெரிவான பிறகு வாங்கலாம். அப்போதுதான் அது டப்லெட்டா லப்டொப்பா என்பதும் தெரியும்.